வில்லி வேடம் எனக்குப் பிடித்திருக்கிறது, அது தவறா?

கேள்வி: நான் திருமங்கலம் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவள். வயது 27. மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். கல்லூரி நாட்களிலிருந்தே மேடை நாடகங்களில் நடித்துவருகிறேன். அண்மையில் ஒரு தொலைக்காட்சித் தொடருக்கான நடிகர் தேர்வில் இரண்டு பாத்திரங்களின் வசனத்தைப் பேசிக் காட்டச் சொன்னார்கள். ஒன்று, எதையும் பொறுத்துப்போகும் இளைய மருமகள். மற்றொன்று, பீரோச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு குடும்பத்தையே ஆட்டிவைக்கும் மூத்த மருமகள். இரண்டாவதைப் பேசியபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. அந்த வேடத்தைத்தான் தருவதாகவும் சொல்லியிருக்கிறார்கள். அம்மா சம்மதிக்கவில்லை. "ஊரெல்லாம் உன்னைத் திட்டும். நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள்?" என்கிறார். கெட்டவளாக நடிப்பதில் எனக்கு இத்தனை ஆசை வருகிறதே, என் மனதில் ஏதாவது கோளாறா? இதை ஏற்றுக்கொண்டால் கடைசிவரை வில்லியாகவே இருக்க வேண்டியதுதானா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் மனதில் எந்தக் கோளாறும் இல்லை. வேடத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் இயக்குநரிடமோ கதாசிரியரிடமோ நீங்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பதை விளக்கத்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

மதுரையில் நான் நடத்தும் நடிப்புப் பயிற்சிக்கு ஆசிரியைகள் வருகிறார்கள், செவிலியர்கள் வருகிறார்கள், வீட்டை மட்டும் பார்த்துக்கொள்கிறவர்களும் வருகிறார்கள். ஒரு குடும்பக் காட்சியைக் கொடுத்து யாருக்கு எந்தப் பாத்திரம் வேண்டும் என்று கேட்டால் முதலில் எவரும் வாய் திறப்பதில்லை. சற்று நேரம் கழித்து ஒருவர், "அந்தக் கொடுமைக்கார அண்ணியை நான் செய்து பார்க்கட்டுமா?" என்று மெல்லக் கேட்பார். கேட்ட மறுகணமே முகம் சிவந்துவிடும். அவருக்குப் பின்னால் இன்னும் நான்கு கைகள் உயரும். வீட்டில் குரல் உயர்த்தாத பெண்கள்தான் பெரும்பாலும் அந்தக் கைகளுக்கு உரியவர்கள். இந்த ஆசையைக் குறித்து வெட்கப்படுவதை நீங்கள் இன்றோடு நிறுத்திவிட வேண்டும்.

தேர்வில் கொடுத்த இரண்டு தாள்களும் உங்களிடம் இருந்தால் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். இளைய மருமகள் அந்தக் காட்சியில் என்னென்ன செய்கிறாள் என்பதை மட்டும் பென்சிலால் அடிக்கோடிடுங்கள். நான் படித்திருக்கும் தொடர்க் கதைகளை வைத்துச் சொல்வதென்றால், அழுகிறாள், காத்திருக்கிறாள், மன்னிக்கிறாள், தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போகிறாள். அவ்வளவுதான் இருக்கும். மற்றவர்கள் செய்வதெல்லாம் அவள்மேல் வந்து விழுகிறது. இப்போது மூத்தவளின் தாளைப் பாருங்கள். மறைக்கிறாள், மிரட்டுகிறாள், மாமனாரிடம் ஒரு முகமும் கணக்குப்பிள்ளையிடம் வேறு முகமும் காட்டுகிறாள், கணவன் பேச்சைப் பாதியில் வெட்டுகிறாள், முடிவெடுக்கிறாள், அந்த முடிவு தவறினால் அடுத்த நிமிடமே வேறொரு வழி கண்டுபிடிக்கிறாள். அவள் வாயைத் திறந்தால் கதை நகர்கிறது. நடிகையின் உடம்பும் குரலும் மூளையும் எந்தப் பக்கம் வேலை இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் சாயும். உங்களுக்குச் சிலிர்த்தது அதனால்தான்.

நல்லவள் என்றால் சுவையற்றவள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கையில் ஒற்றைச் சிலம்போடு பாண்டியன் அவைக்குள் நுழையும் கண்ணகியை நடிக்கக் கிடைத்தால் எந்த நடிகையும் வில்லி வேடத்தைத் திரும்பிப் பார்க்க மாட்டாள். அங்கே கண்ணகி கேட்கிறாள், வாதாடுகிறாள், சிலம்பை உடைத்து மெய்ப்பிக்கிறாள், மதுரையை எரிக்கிறாள். அறத்தின் பக்கம் நிற்கும் பெண்ணுக்கு இப்படிச் செய்வதற்கு ஏதாவது கொடுத்து எழுதும் கதாசிரியர்கள் நம் தொடர்களில் குறைவு. செயல் முழுவதையும் கெட்டவள் கையில் ஒப்படைத்துவிட்டு, நல்லவளிடம் கண்ணீரை மட்டும் விட்டுவைக்கிறார்கள். இதில் எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு. சித்திரைத் திருவிழாவில் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம் செய்து செங்கோல் கொடுத்து, மறுநாள் அவள் எட்டுத் திசைக் காவலர்களையும் வென்றுவரும் திக்விஜயத்தைக் கூடி நின்று பார்க்கிற ஊர் இது. அதிகாரத்தோடு நிற்கும் பெண்ணைக் கண்டு கைகூப்பத் தெரிந்த இதே கூட்டத்துக்கு, வரவேற்பறையில் சாவி வைத்திருக்கும் பெண் என்றால் வில்லி என்று காட்டிக் காட்டியே பழக்கிவிட்டார்கள்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "இவள் எதற்கு ஆசைப்படுகிறாள்?"

இதைத் தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள். "அவள் அப்படித்தான், கெட்டவள்" என்பது பதில் ஆகாது. "குடும்பத்தை அழிக்க நினைக்கிறாள்" என்றால், ஏன் என்று மீண்டும் கேளுங்கள். நம் பக்கத்துக் கதை ஒன்றையே எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம்.

நல்லதங்காள் கதை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. வத்திராயிருப்புக்கு அருகே அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயிலே இருக்கிறது. மானாமதுரையில் வாழ்க்கைப்பட்டவள், பஞ்சம் தாங்காமல் ஏழு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அண்ணன் நல்லதம்பி வீட்டுக்கு வருகிறாள். அண்ணன் வேட்டைக்குப் போயிருக்கிறான். வீட்டில் இருப்பவள் அண்ணி மூளி அலங்காரி. பசியோடு வந்த பிள்ளைகளுக்கு மக்கிப்போன கேழ்வரகையும் ஓட்டைப் பானையையும் எரியாத பச்சை விறகையும் எடுத்துக் கொடுக்கிறாள். மனம் உடைந்த நல்லதங்காள் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளிவிட்டுத் தானும் விழுந்து சாகிறாள். விடிய விடிய நடக்கும் நாடகத்தில் இந்தக் காட்சி வரும்போது, திடலில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் அலங்காரியைத் திட்டும் திட்டை நான் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள்.

பயிற்சி வகுப்பில் அலங்காரி வேடம் ஏற்பவர்கள் முதல் முறை ஒரே மாதிரிதான் செய்வார்கள். புருவத்தை உயர்த்துவார்கள், உதட்டைச் சுழிப்பார்கள், ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். நான் அவர்களை உட்காரவைத்துப் பஞ்சத்தைப் பற்றிக் கேட்பேன். நாடெங்கும் தானியம் இல்லை. உன் குதிரில் மட்டும் கொஞ்சம் இருக்கிறது. அது இன்னும் எத்தனை மாதம் வரும் என்று உனக்குத்தான் தெரியும். கணவனுக்குத் தங்கை என்றால் உயிர். கேட்டால் குதிரில் இருக்கும் தானியம் முழுவதையும் கொட்டிக் கொடுத்துவிடுவான். வாசலில் எட்டு வாய்கள் வந்து நிற்கின்றன. இப்போது அந்தக் கேழ்வரகை எடுத்துக் கொடு, பார்க்கலாம் என்பேன். இரண்டாம் முறை அவர்கள் கையில் ஒரு நடுக்கம் வரும். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பானையை நீட்டுவார்கள். சுழித்த உதடு காணாமல் போயிருக்கும். பார்க்கிறவர்களுக்கு அப்போதுதான் அடிவயிற்றில் பயம் பிடிக்கும், ஏனென்றால் அந்த இடத்தில் தானும் அதையே செய்திருக்கக்கூடும் என்று தோன்றிவிடும். அலங்காரி செய்தது அப்போதும் கொடுமைதான். அவளை நியாயப்படுத்த நான் சொல்லவில்லை. கொடுமை செய்கிறவள் தன்னை எப்படி நியாயப்படுத்திக்கொள்கிறாள் என்பது நடிகைக்குத் தெரிந்தாக வேண்டும்.

கம்பர் இதை நன்றாக அறிந்தவர். கூனியின் வஞ்சகத்துக்குப் பின்னால் ஒரு பழைய வலியை வைத்திருக்கிறார்: சிறுவனாக இருந்த இராமன் வில்லில் வைத்து எய்த மண்ணுருண்டை அவள்மேல் பட்ட நாளை அவள் மறக்கவே இல்லை. கைகேயியோ இராமனுக்கு முடிசூட்டப் போகிறார்கள் என்ற செய்தி கேட்டதும் மகிழ்ந்து மாலை பரிசளிக்கிறாள். அன்பு நிறைந்த அந்த மனம் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரிகிறது என்பதுதான் அந்தக் காட்சி. அவ்வளவு பெரிய காவியத்தில் ஒரு வேலைக்காரியின் பழைய காயத்துக்கு இடம் இருந்தது. ஆண்டுக்கணக்கில் ஓடும் ஒரு தொடரில் மூத்த மருமகளுக்கு ஒரு காரணம் வைக்க இடம் இருக்காதா என்ன?

திரையில் பார்த்தால், 1999-இல் வந்த 'படையப்பா'வின் நீலாம்பரியை ஒதுக்கிவிட்டு இதைப் பேச முடியாது. ரம்யா கிருஷ்ணன் அந்த வேடத்தைக் கத்தலை மட்டும் நம்பிச் செய்யவில்லை என்பதைக் கவனித்துப் பாருங்கள். எதிரே நிற்பவருக்கு நாற்காலி இல்லாமல் செய்துவிட்டுத் தான் மட்டும் கால்மேல் கால் போட்டு உட்காருகிறார். அந்த உட்காரும் விதத்திலேயே பாத்திரம் முழுவதும் இருக்கிறது. எதிரில் ரஜினிகாந்த் இருந்தும் பார்வையாளர்கள் கண் அவர்மேல் நின்றது. அந்த ஆண்டு சிறந்த நடிகைக்கான ஃபிலிம்பேர் விருதும் அவருக்குத்தான் கிடைத்தது, கதாநாயகியாக நடிக்காமலேயே. நீலாம்பரி எதற்கு ஆசைப்பட்டாள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஒருவனை விரும்பினாள், கிடைக்கவில்லை, அந்த அவமானத்தை ஓர் அறைக்குள் 18 ஆண்டுகள் வைத்துக் காத்தாள். அந்தப் பிடிவாதத்தின் அளவுதான் அவளை மறக்க முடியாதவள் ஆக்கியது.

அதே படத்தில் எனக்கு ஒவ்வாத ஒன்றும் உண்டு. பெண் எப்படி அடங்கியிருக்க வேண்டும் என்று அவளுக்கு உபதேசம் நடக்கிறது. தொடர்களில் இந்த வழக்கம் இன்னும் கெட்டியாக வேரூன்றிவிட்டது. படித்தவள், வேலைக்குப் போகிறவள், சொத்தில் பங்கு கேட்கிறவள், உதட்டுச் சாயம் பூசுகிறவள் என்றால் உடனே பின்னணியில் அச்சுறுத்தும் இசை. உங்கள் மூத்த மருமகள் செய்யும் குற்றம் என்ன என்பதைக் கதாசிரியரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அவள் ஒருவரை ஏமாற்றுகிறாள், துன்புறுத்துகிறாள் என்றால் அது பாத்திரம், மனமார நடியுங்கள். அவள் குற்றமே தன் சம்பளத்தைத் தானே வைத்துக்கொள்வதுதான் என்றால், அந்த வேடம் உங்களையும் உங்களைப் பார்க்கும் பெண்களையும் சேர்த்து அவமதிக்கிறது. அப்படிப்பட்ட வேடத்தை நான் ஏற்க மாட்டேன்.

கடைசிவரை வில்லியாகவே இருக்க வேண்டியிருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீலாம்பரியைச் சபித்த இதே மக்கள், அடுத்த ஆண்டே 'ராஜகாளி அம்மன்' படத்தில் ரம்யா கிருஷ்ணனை அம்மனாக ஏற்றுக்கொண்டார்கள். 'திமிரு' (2006) படத்தில் வட்டித் தொழில் நடத்தும் ஈஸ்வரியாக மிரட்டிய ஸ்ரேயா ரெட்டி, அதற்குப் பிறகு இயக்குநர் பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' படத்தில் ஓர் ஏழை நெசவாளியின் மனைவியாக வந்தார். அந்தப் படம் சிறந்த திரைப்படத்துக்கான தேசிய விருது பெற்றது.

இருந்தாலும் திரைப்படம் வேறு, தொடர் வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். படத்தில் இரண்டரை மணி நேரத்தில் வந்து போய்விடுவீர்கள். தொடரில் வாரத்தில் ஐந்து, ஆறு நாட்கள் ஒரே நேரத்தில் ஒரே பொட்டோடும் ஒரே பார்வையோடும் வீட்டுக்குள் நுழைவீர்கள். அந்த முகம் படிந்துவிடும். பிறகு வரும் அழைப்புகளில் பாதிக்குமேல் இன்னொரு மூத்த மருமகளாகத்தான் இருக்கும். அதனால் முதல் தொடர் முடிந்ததும் அதே அச்சில் வரும் அடுத்த வேடத்தை, பணம் கூடுதலாக இருந்தாலும், சிறிது காலம் தள்ளிவையுங்கள். இடையில் மேடையை விட்டுவிடாதீர்கள். ஆண்டுக்கு ஒரு நாடகத்திலாவது நகைச்சுவையோ வயதான வேடமோ செய்து, அதைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நடிகர் தேர்வுக்குப் போகும்போது காட்டுவதற்கு உங்களிடம் இன்னொரு முகம் இருக்க வேண்டும்.

அம்மாவைப் பற்றி. அவருடைய பயத்தை அறியாமை என்று ஒதுக்காதீர்கள். இந்த மண்ணில் மேடையேறிய பெண்கள் பட்டது அவருக்குக் கேள்வியிலாவது தெரிந்திருக்கும். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய பால சபையில் பெண் வேடங்களையும் சிறுவர்களே ஏற்றார்கள். பின்னர் ஸ்பெஷல் நாடகங்களில் ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேடம், ஏற்ற பெண்கள், வள்ளியாக வந்தாலும் சந்திரமதியாக வந்தாலும், மேடையை விட்டு இறங்கியதும் ஏச்சுக்கு ஆளானார்கள். ஒத்திகைகூட இல்லாமல் தனித்தனியாக வந்து சேர்ந்து, விடியும்வரை பாடி நடித்து, காலை முதல் பஸ்ஸில் ஊர் திரும்பிய கலைஞர்கள் அவர்கள். உத்தமி வேடம் போட்டும் அவர்களுக்கு அந்த ஏச்சு குறையவில்லை. ஆகவே நல்லவள் வேடமாகக் கேட்டு வாங்கினால் உங்கள் பெயர் காப்பாற்றப்படும் என்று அம்மா நம்பினால், அது நடக்காது. இதை அவரிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

ஊர் திட்டும் என்பது உண்மைதான். பெரியார் நிலையத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது யாராவது ஒரு பாட்டி வந்து, "அந்தப் பிள்ளையை ஏன் இப்படிப் பாடுபடுத்துகிறாய்?" என்று கேட்கத்தான் செய்வார். கேட்டுவிட்டுக் கையைப் பிடித்து ஊர் எது என்றும் விசாரிப்பார். கைப்பேசியில் வரும் வசவுதான் மோசமானது, ஏனென்றால் அதில் முகம் இல்லை, கையைப் பிடிப்பதும் இல்லை. படப்பிடிப்பு நடக்கும் மாதங்களில் அவற்றைப் படிக்காதீர்கள். அம்மா கைப்பேசியிலும் படிக்க விடாதீர்கள். மிரட்டலாக வந்தால் மட்டும் படம் பிடித்து வைத்துக்கொண்டு காவல் துறையில் புகார் கொடுங்கள்.

திருமணப் பேச்சைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரிந்தது குறைவு. நடிக்கிறவள் என்பதற்காகவே விலகிப்போகும் குடும்பம், நீங்கள் எந்த வேடத்தில் நடித்தாலும் விலகத்தான் செய்யும். அம்மாவின் கவலைகளில் உடனே தீர்க்கக்கூடியவை வேறு இருக்கின்றன: சென்னையில் எங்கே தங்குவாய், யாரோடு போவாய், இரவு எத்தனை மணிக்குப் படப்பிடிப்பு முடியும். அவற்றுக்குச் சரியான பதிலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். முதல் சில நாட்கள் அவரையே உடன் அழைத்துப் போங்கள். விளக்குகளுக்கு நடுவில் அறைந்த மகளும் அறை வாங்கிய நடிகையும் இடைவேளையில் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுவதை அவர் பார்க்கட்டும்.

இனி வேடத்துக்கு. குரலை உயர்த்தாதீர்கள்; தாழ்த்துங்கள். அதிகாரம் உள்ளவள் கத்த வேண்டியதில்லை, எதிரில் இருப்பவர்கள்தான் காது கொடுத்துக் கேட்க வேண்டும். கத்தியே ஆக வேண்டிய காட்சி வந்தால் வயிற்றிலிருந்து மூச்செடுத்துப் பேசுங்கள், தொண்டையால் கத்தினால் ஒரே மாதத்தில் குரல் கம்மிவிடும். தொடர்ப் படப்பிடிப்பில் பக்கத்தில் ஒருவர் வசனத்தை வாசித்துக் கொடுப்பார். அவர் வாசிக்கும் ராகத்தை வாங்கிக்கொள்ளாமல் பொருளை மட்டும் வாங்கிக்கொள்ளப் பழகுங்கள். வசனம் முடிந்த பிறகும் கேமரா உங்கள் முகத்தில் நிற்கும். புருவத்தை ஏற்றி இறக்கி அந்த நேரத்தை நிரப்பத் தோன்றும். அதற்குப் பதிலாக, அடுத்து என்ன செய்யலாம் என்று அவளாகவே இருந்து யோசியுங்கள். யோசனை கண்ணில் தெரியும். மாலையில் பொட்டையும் நகையையும் கழற்றி முகம் கழுவிய பிறகு, அன்று உங்களிடம் அடி வாங்கிய நடிகையோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் கிளம்புங்கள். இதைப் பழக்கமாக்கிக்கொண்ட நடிகைகள் வீட்டுக்கு அந்தப் பாத்திரத்தின் எரிச்சலைச் சுமந்து செல்வதில்லை.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை: மாதத்துக்கு எத்தனை நாள் கால்ஷீட், சம்பளம் நாளுக்கா அத்தியாயத்துக்கா, எத்தனை நாளில் கைக்கு வரும், பயணமும் தங்குமிடமும் யார் செலவு. புடவையும் நகையும் நீங்களே கொண்டுவர வேண்டுமா என்பதை மறக்காமல் கேளுங்கள். பணக்கார மூத்த மருமகளுக்கு நாளொரு பட்டுப்புடவை என்றால் சம்பளம் அதிலேயே கரைந்துவிடும். வேடம் தருவதற்கு யாராவது முன்பணம் கேட்டால் அந்த இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். கையெழுத்தான தாள் கைக்கு வரும்வரை ஜவுளிக்கடை வேலையை விட வேண்டாம்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காமல் கேளுங்கள்: உங்கள் பாத்திரத்துக்கு நீங்களே குரல் கொடுக்க வேண்டும். டப்பிங்கில் வேறொருவர் பேசினால் நான் மேலே சொன்ன அந்தத் தாழ்ந்த குரல், இடையில் விடும் மௌனம் எதுவும் திரைக்கு வராது. உங்கள் முகம் மட்டுமே மிஞ்சும். மதுரைப் பேச்சின் இழுவை இருக்கிறதே என்று தயங்குவார்கள். அந்த மூத்த மருமகள் மதுரைப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவளாக இருக்கட்டுமே என்று கேட்டுப் பாருங்கள். தேர்வில் பேசிய அதே பக்கத்தை அதே குரலில் இன்னொரு முறை பேசிக் காட்டிவிட்டுக் கேளுங்கள்.